தங்கமான மச்சினனும் தேய்ந்த பிரேக் கட்டையும்

எங்கே என்ன நடந்தாலும் எல்லாரும் முதலில் என் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். பட்டறையில் ஸ்பேனர் காணோமா, தெருவில் கண்ணாடி உடைந்ததா, நான்தான். பல வருஷமாக இந்த எரிச்சல் உள்ளே கிடக்கிறது. சிடுமூஞ்சி என்றால் தப்பு செய்கிறவன் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

என் மனைவியின் தம்பி என்னிடம்தான் பிரேக் வேலை பார்த்தான். வாயெல்லாம் பல். எல்லாரும் அவனைத் தங்கம் என்றே கூப்பிடுவார்கள். ரிப்பேருக்கு வண்டி விட வருகிறவரின் மூட்டுவலி வரைக்கும் விசாரிப்பான். அவர் தலை மறைந்ததும் மறந்துவிடுவான். வளர்த்த நாய் லாரியில் அடிபட்டுச் செத்த அன்றே, அதன் கழுத்துப்பட்டையைக் கழுவிப் பக்கத்துக் கடைக்காரரிடம் விற்றவன்.

"பாவம், மனசுல எதையும் வச்சுக்க மாட்டான்" என்றாள் என் மனைவி.

வைத்துக்கொள்ள அங்கே இடம் தாராளமாக இருந்தது. சரக்குதான் இல்லை.

எங்கள் தொழிலில் புதுக் கட்டை மாட்டினால், கழற்றிய பழசைத் துணியில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி. இந்தத் தங்கம் புதுசை வெளியே விற்றுவிட்டு, தேய்ந்ததையே உப்புத்தாளால் பளபளப்பாக்கி மாட்டிவிட்டான். சாட்சிக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தது காயலான் கடைக் குப்பை.

எங்களிடம் கட்டை மாற்றிய பள்ளிக்கூட வேன் ஒன்று இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்ததால் டிரைவரின் ஒரு காலோடு போயிற்று. போலீஸ் வந்து என் சட்டையைப் பிடித்தது.

"இவன் மூஞ்சியே சொல்லுதேய்யா!" என்றார் ஏட்டு.

தங்கம் அவருக்கு டீ வாங்கி நீட்டினான். "மாமா நல்லவர் சார். கோவம் வந்தாதான் என்ன செய்யறார்னு அவருக்கே தெரியாது."

எனக்குப் பரிந்து பேசுகிறானாம்! என் மனைவியும் தலையாட்டினாள்.

டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் சாட்சித் துணிப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பாவிட்டால் நான் இன்று உள்ளே இருந்திருப்பேன். பிரித்தால் சின்னக் காரின் கட்டை. வேன் சக்கரத்தில் அது உட்காரவே உட்காராது. ஏமாற்றுகிறவனுக்கு அளவு பார்க்கக்கூடச் சோம்பல்.

ஏட்டு ஆஸ்பத்திரிக்கே போய், பட்டறையில் அதைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"அந்தச் சிரிச்ச மூஞ்சிப் பையன்தான் சார்" என்றாராம் டிரைவர். "என் பொண்ணு படிப்பைப் பத்திக்கூடக் கேட்டானே!"

அவன் அக்காவின் அழுகை தாங்காமல் ஒரே ஒரு தடவை அவனை ஜெயிலில் போய்ப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் அதே பல். காவலரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மனுஷனோட காலையே வாங்கிட்டியேடா!"

"அவரு கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம் மாமா."

வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். பசி எடுத்தவன் முகத்தில் இருக்கிற வாட்டம்கூட இல்லை. எழுந்தேன்.

"மாமா, மாமா! கேஸ் அன்னிக்கு என்னோட அந்த இளநீலச் சட்டையை அயர்ன் பண்ணி எடுத்துட்டு வந்துடுங்க. அதுல என்னைப் பார்த்தா யாருக்கும் தண்டிக்க மனசு வராது. கைப்பட்டன் ஒண்ணு லூசா இருக்கு, அக்காகிட்ட சொல்லித் தைச்சுடச் சொல்லுங்க."