மாமா குடிக்காத பேரியம் கூழ்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் இது புதினமல்ல. காப்புறுதிக் கடிதம், வாடகைக் கடிதம், என்னைப் பற்றி ஆசிரியர் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் நானே பிரித்து நானே தமிழில் சொன்னேன். ஆசிரியரின் கடிதங்களில் மட்டும் ஒன்றிரண்டு வரிகள் வழியில் காணாமற்போகும். வளர்ந்தவர்கள் இருவர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பிள்ளைக்கு நல்லதல்ல என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா நகருக்கு வெளியே, ரைன் கரையோரத்தில் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே பேரியம் சல்பேட் என்ற வெள்ளைத் தூளைச் செய்தார்கள். பெயின்ற்றுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் போகிற தூள். அதில் மிகச் சுத்தமான பகுதி மருந்துக்கும் போனது. இதே பொருள் நிலத்தடியில் கல்லாகவும் கிடைக்கிறது. ஆனால் கல்லில் அழுக்கு உண்டு. அதை நீக்குவதற்காக, எங்கோ வேறொரு நாட்டில் கல்லைக் கரியோடு சேர்த்துச் சுட்டு, தண்ணீரில் கரையக்கூடிய உப்பாக மாற்றுவார்கள். கரைகிற அந்த உப்பு நஞ்சு. அது பைகளில் பாசலுக்கு வரும். அதைத் தொட்டியில் கரைத்துச் சோடியம் சல்பேட் கரைசலை விட்டால், ஒரு நொடியில் தொட்டி முழுவதும் பாலாகும். கல்லில் இருந்த அதே பொருள், இப்போது மாவைவிட நுண்மையாக, அடியில் படியும். முதலிலும் கடைசியிலும் தீங்கில்லாத ஒன்று, நடுவில் மட்டும் நஞ்சாக இருக்கிறது.

அப்பாவின் வேலை கடைசிப் பகுதியில். படிந்ததை வடிதுணியில் அழுத்திக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்து அதில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு சொட்டு விடுவார். நீர் கலங்கினால் உப்பு இன்னும் மிச்சம், இன்னொரு முறை கழுவ வேண்டும். கலங்காமல் தெளிவாக நின்றால் உலர்த்த அனுப்பலாம். ஜெர்மன் வாசிக்கத் தெரியாத அப்பா இதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை.

இதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தது. அந்த வயதில் எனக்குத் தெரிந்தது பாதுகாப்புத் தாள்கள் மட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று அப்பா அவற்றில் கையெழுத்திட வேண்டும்.

"ஒரு சொல்லும் விடாமல் வாசி பிள்ளை," என்பார். "என்ர பேரைத்தான் கீழ வைக்கிறன்."

அந்த ஆண்டு இரண்டு தாள்கள் வந்தன. முதலாவதில் செம்மஞ்சள் சதுரத்தில் கறுப்பு மண்டையோடு இருந்தது. பைகளில் வருகிற பேரியம் உப்பு பற்றிய தாள் அது. விழுங்கினால் வாந்தி வரும், கைகால் சோரும், இதயம் நின்றுபோகலாம். அகராதி பார்த்து, குரலைத் தாழ்த்தி, மிகச் சிறப்பாக மொழிபெயர்த்தேன். இரண்டாவது தாள் வெள்ளைத் தூள் பற்றியது. படம் ஒன்றும் இல்லை. அதே நேரம் தொலைக்காட்சியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

"இதிலயும் அதேதான் அப்பா," என்றேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டிலும் கையெழுத்திட்டார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, சூக் என்ற ஊரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தார். விடுமுறை நாளில் ரயிலேறி எங்களிடம் வருவார். அந்த மாசி மாதம் தொடக்கம் அவருக்கு விழுங்குவது கடினமாக இருந்தது. சோற்றை நெடுநேரம் மென்று, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருப்பார்.

"சோறு ஓல்டனில நிக்குது பிள்ளை," என்பார். "பாசலுக்கு வரமாட்டனெண்டு அடம்பிடிக்குது."

ஓல்டன் எங்கள் பக்கத்தில் எல்லா ரயில்களும் நின்று போகும் சந்திப்பு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனார். அவர் பாசலிலேயே எக்ஸ்ரே பரிசோதனைக்கு நாள் வாங்கித் தந்தார். உணவுக்குழாயை உடனே பார்க்க வேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்றார். அதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான்.

பரிசோதனை சித்திரையில் ஒரு புதன்கிழமை பிற்பகல். புதன் பிற்பகலில் பள்ளி இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலையில். மாமாவை நான் ட்ராமில் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையைப் பிடித்திருந்தது நான். அவர் என் கையை அல்ல.

தாதி ஒரு பெரிய கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். தடித்த, வெள்ளையான ஏதோ ஒன்று. வாழைப்பழ வாசம் அடித்தது. பேரியம் கூழ், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், அது இறங்கிப்போவதைப் படமெடுப்போம் என்று அவள் சொன்னாள்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

அவள் சொன்னதை நான் சொல்லவில்லை.

"மாமா, இது அப்பான்ர வேலையில இருக்கிற சாமான். நஞ்சு. குடிக்காதேங்கோ."

"ஆஸ்பத்திரியில நஞ்சு குடுப்பினமோ?"

"எனக்குத் தெரியும். அப்பாவுக்கு வாசிச்சுச் சொன்னது நான்தானே. குடிச்சா இதயம் நிண்டிடும்."

மாமா கோப்பையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பெரிய கருவியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது பயம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

"அப்ப சொல்லிவிடு," என்றார். "மாமாவுக்கு இப்ப சுகமெண்டு."

சொன்னேன். தாதி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நல்ல ஜெர்மனில் சொன்னேன். வேறொரு நாள் தரலாம், தொலைபேசியில் கேளுங்கள் என்றாள். அதை மாமாவுக்குச் சொல்லவில்லை. வெளியே வந்து அவர் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தானும் ஒன்று வாங்கினார். அது தடையில்லாமல் இறங்கியது.

"பாத்தியோ, நேராப் பாசலுக்கே வந்திட்டுது," என்றார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். மாமா சப்பாத்தைக் கழற்றியபடி, "ஒண்டும் இல்லையாம் அக்கா," என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அம்மா முறுக்குப் பெட்டியை எடுத்து மாமாவின் பையில் வைத்தார்.

ஐப்பசியில் மாமாவின் இடுப்புப் பட்டியில் புதிதாக மூன்று துளைகள் இருந்தன. தேநீரும் சூப்பும் மட்டும் இறங்கின. ஒரு நாள் சமையலறையில் மயங்கி விழுந்தார். உணவகத்துக்காரி தன் காரிலேயே அவரைச் சூக் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அங்கே மொழிபெயர்க்க ஒருவரும் இருக்கவில்லை. வெள்ளைக் கூழைக் கொடுத்தார்கள். குடித்தார். படத்தில் உணவுக்குழாய்ப் புற்று தெளிவாகத் தெரிந்தது. இனி வெட்டி எடுக்க முடியாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். அம்மா தாதியைத் தேடிப் போனார். அப்பா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

"மச்சான், சித்திரையிலயே போனனீதானே. அண்டைக்கு ஒண்டும் இல்லையெண்டவையோ?"

மாமா கூரையைப் பார்த்தார். "அண்டைக்கு நான் அதைக் குடிக்கேல்லை அத்தான்."

"ஏன்?"

"பயம். பிள்ளை வடிவாத்தான் சொன்னவ, குடியுங்கோ மாமா எண்டு. நான்தான் கேக்கேல்லை. அவவைக் கொண்டு பொய்யும் சொல்லுவிச்சனான்."

அப்பா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது.

"அது எங்கட தூள் மச்சான்," என்றார். "உடம்பில கரையாது. கல்லுப்போல போய்க் கல்லுப்போல வரும். நான் கழுவி அனுப்புறனான். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

நான் யன்னலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னதை நான் நம்பவில்லை. அவர் தாளை வாசித்தவர் அல்ல, வாசித்தவள் நான். அதோடு, மாமா அதைக் குடித்த பிறகுதானே கட்டிலில் கிடக்கிறார்? எனக்குக் கோபம் மாமாவின் மீதுதான். நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொல்லிவிட்டார். அப்பா வெளியே போனதும் கட்டிலருகே போய்க் கேட்டேன்.

"ஏன் மாமா பொய் சொன்னனீங்கள்? நான் குடிக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

அவர் என் தலையில் கையை வைத்தார். கை பாரமே இல்லாமல் இருந்தது.

"சத்தம் போடாதை. அது எங்கட ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாக் காணும்."

தை மாதம் மாமா இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, வேதியியல் வகுப்பில் ஆசிரியை ஒரு தெளிந்த கரைசலில் இன்னொன்றை விட்டாள். குழாய் வெள்ளையாகியது. முதல் கரைசல் ஒரு மிடறு போதும் ஆளைக் கொல்ல, இந்த வெள்ளையை மருத்துவமனையில் கோப்பை கோப்பையாகக் குடிக்கிறார்கள் என்றாள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய் அங்கேயே இருந்தேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இப்போது ஓய்வில் இருக்கிறார். கைகளை இன்னும் முழங்கைவரை கழுவுகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூக்கிலிருந்து திரும்பி வரும்போது ரயில் ஓல்டனில் நெடுநேரம் நின்றது. அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். சித்திரையில் நான் தடுத்திராவிட்டால் மாமா அன்றைக்கே செத்திருப்பார். இந்த ஆறு மாதமும் நான் அவருக்குக் கொடுத்தது. அது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்று எனக்கு அவ்வளவு கோபமாக இருந்தது.