தேய்ந்த விளிம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மேல்வீட்டுக்காரர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு காயும்வரை ஆட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பீரோவிலிருந்து பத்தொன்பது கைக்கடிகாரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் மெத்தைத் தட்டில் படுக்க வைக்கிறார். பிறகு குமிழைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எண்ணிக்கையில் சாவி கொடுக்கிறார். அப்போது யாரும் பேசக் கூடாது. மின்விசிறி ஓடக் கூடாது. மேசைக்கு இரண்டடிக்குள் காபி வரக் கூடாது. இத்தனை சம்பிரமமும் செய்கிறவர் முள்ளைத் திருப்பிச் சரியான நேரம் வைப்பாரா என்றால், மாட்டார். ஓடினால் போதும் அவருக்கு. ஒன்று மூன்றேகால் காட்டும், பக்கத்தில் இருப்பது பத்து காட்டும்.

“பத்தொன்பது வாட்சு இருக்குற வீடு தம்பி இது. மணி என்னன்னு கேட்டா செல்போனைத் தேடுறாங்க,” என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் கீழ்வீட்டுக்காரன். வார இதழ் ஒன்றில் பிழை திருத்துகிறவன். என் மணிக்கட்டில் இருப்பது நடைபாதையில் வாங்கிய பேட்டரிக் கடிகாரம். முதல் நாள் அதைப் பார்த்ததும் மேல்வீட்டுக்காரர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் உறவினரைப் பற்றி விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்தி, “ஓடுதா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பணம் உள்ளவர்களில் இப்படி வெள்ளந்தியாக ஒருவரை நான் பார்த்ததில்லை.

குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் பூசும் மெக்கானிக்காகத் தொடங்கி, இன்று பதினோரு பேரை வேலைக்கு வைத்துக் கட்டடம் கட்டடமாக லிஃப்ட் பராமரிக்கிறார். எந்த லிஃப்டில் ஏறினாலும் பொத்தானை விரல் முட்டியால்தான் அழுத்துவார். அடுத்த கணம் காதைச் சுவரோடு ஒட்டிவிடுவார். “மூணாவது மாடி தாண்டுறப்போ முனகுது பாருங்க. ரோலர் தேஞ்சிருக்கு,” என்பார். கூட ஏறியவர்கள் பயந்துபோய் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவதும் உண்டு. வேலைக்குப் போகும்போது மட்டும் வெறுங்கைதான். மின்பலகையில் கை விடுகிறவன் மணிக்கட்டில் உலோகம் கட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

முதல் கடிகாரம் வந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு வயது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் முழு வேலையும் கைக்கு வந்த சமயம். தங்கம்; வட்டத்தைச் சுற்றிலும் கல். அதற்காகவே முழுக்கைச் சட்டையை விட்டு அரைக்கைக்கு மாறினார். அக்கா அதற்கு ‘வில்லன்’ என்று பெயர் வைத்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு வில்லன்கள் வந்து சேர்ந்தன.

“அப்பல்லாம் எனக்கு வாட்சுன்னா அடுத்தவன் பாக்கணும் சார். எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசணும். நான் பாக்குறதுக்கு அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல,” என்று அவரே சொல்லுவார்.

நாற்பதைத் தாண்டியதும் தங்கம் கசந்தது. கனமான எஃகு, கடலில் முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று உத்தரவாதம். அவருக்கு நீச்சல் தெரியாது. குளிக்கப் போகும்போதுகூட அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார். அக்கா அதைத் ‘தவளை’ என்றார். “முந்நூறு மீட்டர் ஆழத்துல வாட்சு நல்லாத்தான் இருக்கும். கட்டினவரைத்தான் தேடணும்.”

அப்புறம் நுணுக்கத்தின்மேல் மோகம். தேதி, கிழமை, மாதம், நிலாவின் பிறை எல்லாம் காட்டும் ஒன்று வந்தது. அதன் பெயர் ‘ஜோசியர்’. இந்த நூற்றாண்டு முடியும்வரை பிப்ரவரிக் கணக்கில்கூட அது தப்பாது என்று பெருமையடித்துக்கொண்டார். சக்கரங்கள் தேதி மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் பொத்தானைத் தொடக் கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆசை யாரை விட்டது? தொட்டார். உள்ளே ஒரு பல் உடைந்தது. ஏழு மாதம் அது வெளிநாட்டில் வைத்தியத்தில் கிடந்தது. “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதைதான்,” என்று அக்கா அந்த ஏழு மாதமும் சொல்லிக் காட்டினார்.

ஐம்பது வயதில் எல்லாம் அடங்கியது. எண் இல்லை, தேதி இல்லை, நொடிமுள் இல்லை. வெள்ளை வட்டத்தில் இரண்டு முள். விசிட்டிங் கார்டைப் போல மெல்லியது. இது ‘பிளேடு’. “விலை ஏற ஏற உள்ள இருக்குற சமாச்சாரம் கொறஞ்சுக்கிட்டே வருது. அடுத்ததா வெறும் வாரை மட்டும் வாங்கிட்டு வந்து நிப்பாரு பாருங்க,” என்றார் அக்கா.

கடைசியில் வந்தது பழசின் மேல் பித்து. யாரோ கட்டி, யாரோ அடிபட்டு, யாரோ விற்ற எஃகுக் கடிகாரங்கள். வில்லன்கள் மூன்றும் கைமாறிப் போயின. ஒரு காலத்தில் விரல்ரேகை பட்டாலே துடித்தவர், இப்போது கீறல்களைக் கண்ணில் லென்ஸ் வைத்துப் படிக்கிறார். “இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. ஆளு வலது கையில கட்டியிருக்கான். இந்த வெட்டு எங்கேயோ கதவுல மாட்டினது. இதெல்லாம் காசு குடுத்தாலும் புதுசுல வராது சார்.”

போன மாதம் ஒருநாள் பழைய கடிகார வியாபாரி ஒருவரிடம் என்னையும் அழைத்துப் போனார். “நான் ஆசைப்பட்டா தடுங்க,” என்பது எனக்கு இட்ட வேலை. தடுக்கத் தேவைப்படவில்லை. வியாபாரி பெருமையோடு எடுத்து வைத்த கடிகாரம் நாற்பது வருடப் பழையது. நேற்றுச் செய்தது போல மின்னியது. இவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“பாலிஷ் போட்டிருக்காங்க. விளிம்பெல்லாம் சோப்பு மாதிரி வழுக்குது. எந்தப் படுபாவி இதைப் பண்ணினானோ,” என்று கீழே வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. வியாபாரி வேறு இரண்டைக் காட்டினார். இவர் பார்க்கவே இல்லை.

காரில் ஏறிச் சாவியைப் போட்டவர் வண்டியைக் கிளப்பவில்லை.

“எந்தப் படுபாவின்னு கேட்டேன்ல? நான்தான் சார் அது.”

அவருடைய மாமனார் தையற்காரர். ஆயுளுக்கும் ஒரே ஒரு எஃகுக் கடிகாரம். முப்பது வருடம் இடது கையால் துணியைத் தள்ளித் தள்ளி, தையல் மிஷின் பலகையில் உராய்ந்து, அதன் கீழ்விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்து போயிருந்தது. டயலில் மூன்றுக்குப் பக்கத்தில் டீத்தூள் சிந்தினாற்போல ஒரு பழுப்புக் கறை. அவர் காலமானதும் அது மகளிடம், அதாவது அக்காவிடம், வந்து சேர்ந்தது. மருமகன் அப்போது வில்லன் காலத்தில் இருந்தார். மனைவி சந்தோஷப்படட்டும் என்று அவருக்குத் தெரியாமல் அதைப் பழுது பார்க்கிறவரிடம் எடுத்துப் போனார். புது டயல், புதுக் கண்ணாடி, புது முள். எஃகுக் கூட்டைப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, சரிந்த விளிம்பைச் சமமாக்கி, வெல்வெட் பெட்டியில் வைத்து நீட்டினார்.

“அவ பாத்தா. ‘நல்லா இருக்கு’ன்னா. உள்ள கொண்டுபோய் வச்சா. இருபத்திரண்டு வருஷமாச்சு, ஒரு தடவைகூடக் கட்டல. வாட்சுன்னாலே அவளுக்கு ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டேன் சார். எவ்ளோ பெரிய முட்டாள்!” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவங்கப்பாவை நான் தேச்சு எடுத்துட்டேன்.”

 

சக்கரம் தின்ற எஃகு திரும்பி வராது. அது அவருக்கே தெரியும். ஆனால் டயல்? பழுது பார்க்கிறவர்கள் கழற்றியதை லேசில் குப்பையில் போட மாட்டார்கள். அன்றைக்கு வேலை செய்தவரின் கடையைத் தேடிப் போனார். அவர் தகர டப்பாக்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நாணயம் போல நூற்றுக்கணக்கில் பழைய டயல்கள். மூன்று சனிக்கிழமை அங்கேயே உட்கார்ந்து துழாவினார். அதே வகை, மூன்றுக்குப் பக்கத்தில் கறை, இந்த இரண்டும் பொருந்தியவை ஏழு கிடைத்தன. ஏழில் எது என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரிடம் கேட்க வேண்டுமானால் செய்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

“நீங்களும் கூட இருங்க சார். தனியாக் கேக்க பயமா இருக்கு,” என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒன்பது மாடி உயரத்தில் கம்பிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்.

மேலே போனபோது அக்கா அலுவலக அறையில் இருந்தார். கம்பெனியின் புகார்த் தொலைபேசிக்கு அவர்தான் எல்லாம். இரும்பு மேசை, நீளமான புகார் நோட்டு. மேசைமேல் தடித்த பச்சைத் துணி ஒன்று விரித்திருந்தது. கடிகாரம் கட்டிய கை எங்கே ஊன்றினாலும் உராயக் கூடாது என்று வீட்டுக்காரர் எல்லா மேசைக்கும் போட்ட உத்தரவு அது.

“கதவைத் தள்ளாதீங்கம்மா. தரையில உக்காந்துக்கோங்க. ஆளு கிளம்பியாச்சு, பத்து நிமிஷம்,” என்று யாருக்கோ சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். “என்ன, ரெண்டு பேரும் திருடன் மாதிரி நிக்கிறீங்க?”

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஏழு டயல்களும் துணிமேல் வரிசையாக அமர்ந்தன.

“இதுல உங்கப்பாவோடது எதுன்னு பாரும்மா. அன்னைக்கு நான் தெரியாம அதை அழிச்சிட்டேன். இப்பத்தான் புரிஞ்சுது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்...”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஏழையும் பார்த்து முடித்துத் துணிமேல் திரும்ப வைத்தார்.

“இதுல எதுவும் இல்லீங்க.”

“இன்னும் ரெண்டு டப்பா பாக்கி இருக்கு. அடுத்த வாரம் போய்...”

“விடுங்க. டயல்ல என்ன இருக்கு? எனக்கு அந்த ஓரம்தான். மிஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, அப்பா கையை இழுத்து வச்சு அதைத் தடவிக்கிட்டே இருப்பேன். நகம் அதுல சரிஞ்சு சரிஞ்சு போகும். அவரும் ஒத்தைக் கையால தச்சுக்கிட்டே இருப்பாரு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் லிஃப்ட்காரர்.

“நீங்க எவ்ளோ ஆசையா நீட்டினீங்க! அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?”

“கோவமே வரலையா?”

“வராம என்ன? நல்லா வந்துச்சு. நீங்க ஒவ்வொரு வாட்சாத் தூக்கிட்டு வந்து நிக்கிறப்பல்லாம் வந்துச்சு.”

வில்லன், தவளை, ஜோசியர் என்று இத்தனை நாள் நான் வயிறு குலுங்கச் சிரித்த கேலிக்கு அடியில் என்ன கிடந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அக்கா எழுந்து உள்ளே போனார்.  வெல்வெட் பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே இருந்த கடிகாரத்தில் கீறல் என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. குமிழைத் திருகினார், இரண்டு தரம் உதறினார், நொடிமுள் தயங்கிவிட்டு நகர்ந்தது. “கொஞ்சம் மாட்டி விடுங்க,” என்று இடது கையை நீட்டினார். லிஃப்ட்காரர் வாரை இழுத்துக் கொக்கியை மாட்டினார்.

“இனிமே இது என் கையிலேயே கிடக்கட்டும். நான் என்ன பண்ணினாலும் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

தொலைபேசி அடித்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரை அழுத்தினார். ஏழு டயல்களையும் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, நோட்டைப் பிரித்து இடது கையால் அழுத்திப் பிடித்தார். “சொல்லுங்க, எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடில நிக்குது?” என்று எழுதத் தொடங்கினார். வரி நகர நகர, நோட்டைப் பிடித்த கையும், அதிலிருந்த கடிகாரமும் மேசைத் துணியின்மேல் மெல்ல உராய்ந்து நகர்ந்தன.

லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, எழுத்து கலையாதபடி நோட்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, மனைவியின் கைக்கு அடியில் இருந்த பச்சைத் துணியை அங்குலம் அங்குலமாக உருவி எடுத்தார்.