கையை ஓங்காதவர்

இதை எழுதப் பல வருஷங்களாகத் தயங்கினேன். ஒரு சர்ஜனை அடித்தவர் எங்கள் வலங்கைமான் பக்கத்துக்காரர் என்பதுதான் காரணம். இப்போது மாரியம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என் மகள் பித்தக்குழாய் வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாள். மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். சர்ஜன் ஒல்லியான மனிதர். நடக்கும்போதுகூட இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டே நடப்பார்.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் அதே வியாதி. அன்று காலைதான் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு ஆபரேஷனை முடித்திருந்தார். குழந்தையின் தாய்மாமன் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். வயிற்றில் சின்னச் சின்ன பிளாஸ்திரிகள்தான் இருந்தன.

"வயித்தக் கிழிக்கவே இல்லியேடா! யார ஏமாத்துற?" என்று கத்தி, குழந்தையைப் பார்க்க வந்து நின்ற சர்ஜனின் மூக்கிலேயே குத்தினார். ரத்தம் கொட்டியது. சுவரில் மோதி விழுந்தவரை ஏறி மிதித்தார். சர்ஜனோ அக்குளிலிருந்து கைகளை எடுக்கவே இல்லை. அடியையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு கிடந்தார். நானும் இன்னொருவரும்தான் அந்த ஆளை இழுத்துத் தள்ளினோம்.

"கையால தடுத்திருக்கலாமேங்க," என்று அழுதேன்.

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு உங்க பொண்ணு இருக்குல்ல? விரல் பிசகிட்டா யாருங்க ஆபரேஷன் பண்றது?"

மறுநாள் வீங்கிய முகத்தோடு வந்து என் மகளைப் பிழைக்க வைத்தார். அந்தக் குழந்தையும் நன்றாக இருக்கிறது. மிதி வாங்கும் நேரத்தில் ஒரு மனிதருக்கு அந்த நினைப்பு எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

எங்கள் ஊரில் அவர் திருப்பி அடித்ததாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொன்னால், உள்ளபடியே சொல்லுங்கள். அவர் கையை ஓங்கவே இல்லை.