மேல்வீடு எழுந்த மாதம்

ஹட்டன் கடைவீதிக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ரயில் பாதை. அகலக் கட்ட இடமில்லாததால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கடைக்காரர்கள் உயரக் கட்டத் தொடங்கினார்கள். ஒரே மட்டத்தில் கிடந்த தகரக் கூரைகள், பால்பல் விழுந்த பிள்ளையின் வாயைப் போல ஏறியும் இறங்கியும் நின்றன. பட்டணம் வளர்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

எங்கள் பலசரக்குக் கடைக்கு ஏற்கெனவே மாடி உண்டு. அங்கே சயரோகத்தோடு அத்தை படுத்திருந்தார். அவருடைய மூன்று வயது மகனைக் கிட்டே விடக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆகவே மாமா தினமும் காலையில் பையனைக் கீழ்த்தெரு விளக்குக் கம்பத்தடிக்குக் கூட்டிவருவார். பக்கத்துக் கடையின் கூரைக்கு மேலாக, ஜன்னல் வழியே, அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

அந்தப் பக்கத்துக் கடை முதலாளியும் மேல்வீடு கட்ட விண்ணப்பித்தார். அண்டையாரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் கந்தோரில், அதாவது நகரசபை அலுவலகத்தில், வரைபடம் நகராது.

“என் தங்கச்சி ஜன்னல் அடைபட்டுப் போகுமேங்க முதலாளி,” என்றார் அப்பா.

“நாளைக்கு நீங்க இன்னொரு மாடி ஏத்துறப்ப நான் தடுப்பேனா? சொல்லுங்க!”

அப்பா கையெழுத்திட்டார். பின்னாளில் அதே கந்தோரில் முப்பது வருடம் வரைபடம் சரிபார்த்தவள் நான். வெளிச்சம், காற்று, வடிகான் எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் உண்டு. ஜன்னலில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார் என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது.

சுவர் நாளுக்குக் கொஞ்சமாக எழுந்தது. அத்தையின் கஞ்சியை அறை வாசற்படியில் வைத்துவிட்டு வருவது அப்போது சிறுமியாயிருந்த என் வேலை. மாதக்கணக்கில் கிடந்த அத்தை ஒருநாள் எழுந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். பிறகு டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி நின்றார். நான் கடைக்கு ஓடினேன்.

“அத்தைக்குக் குணமாகுதுப்பா! பெட்டி மேலயே ஏறிட்டாங்க!”

அப்பா தராசிலிருந்த பருப்பை நிறுக்காமல் சாக்கிலேயே திரும்பக் கொட்டினார்.

கீழ்த்தெருவில் மாமாவும் அப்படித்தான். பையனை முதலில் கையில் பிடித்து நிறுத்தினார், பிறகு இடுப்பில், பிறகு தோளில். நல்ல விளையாட்டு என்று நினைத்தேன்.

சுவர் முடிந்த பிறகும் மாமா பையனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரிடம் புகார் சொன்னேன்.

“அத்தை சோம்பேறி ஆயிட்டாங்க மாமா. எந்திரிக்கிறதே இல்ல. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.”

மாமா பையனைக் கீழே இறக்கினார். தோள் காலியாகிவிட்டதே என்று, “அப்ப என்னையத் தூக்குங்க,” என்றேன்.

குனிந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்கள் வீதியை அவ்வளவு உயரத்திலிருந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். புதுச் சுவர் காலை வெயிலில் சிவந்து, எல்லாக் கூரைகளுக்கும் மேலே நின்றது.

“எம்புட்டு ஒசரம் மாமா!” என்று கைதட்டினேன்.