சுருங்காத ஐந்து விரல்கள்

எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுவது என் வேலை. போன மாதம் கம்பி ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. தையல் பிரித்த பிறகும் சுண்டுவிரல் மரத்தே கிடந்தது.

"அரை மணி நேரம் கையைத் தண்ணியில வைங்க பாய். விரல் தோல் சுருங்கினா நரம்பு பிழைச்சிருக்கு" என்றார் டாக்டர். எப்போதோ நரம்பு அறுந்த பிள்ளையைக் குளிப்பாட்டிய ஒரு தாய், அந்த விரல் மட்டும் சுருங்காததைக் கவனித்துச் சொன்னதில் பிறந்த சோதனையாம். மிஷின் இல்லாததை மறைக்கக் கதை விடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். அதை வீணாக்குவானேன் என்று துறைப் படியில் உட்கார்ந்து கடலில் கையை விட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் ஐந்து விரலுமே வழவழவென்று இருந்தன. கையே போச்சு என்று கடல் தாண்டி மெயின்லேண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பெட்டி கட்டினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டும் பழகினேன்.

"எந்தத் தண்ணியில வெச்சீங்க?" என்றாள் மனைவி.

"கடல்லதான்."

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். உப்புத் தண்ணீரில் விரல் லேசில் சுருங்காதாம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு பேசின் நல்ல தண்ணீரைச் சூடாக்கித் தந்தாள். சுண்டுவிரலும் மெல்லச் சுருங்கியது.

இப்போதெல்லாம் டாக்டரைச் சந்தேகப்படும் முன் என்னைச் சந்தேகப்படுகிறேன். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கிறது.