தலை புதைத்த பெட்டை

அச்சரப்பாக்கம் பக்கத்து ஏரிகளில் நானும் என் நண்பனும் பல வருஷம் சேர்ந்து பறவை பார்த்தோம். அவன் புதுப்பட்டினத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பள்ளியில் ஆய்வக உதவியாளர். ஞாயிறு காலையில் அவன் பைக்கில் போவோம்.

குளிர்காலத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் மூட்டியவை இரண்டு சிறிய வாத்துகள்: நீலச்சிறகி, கிளுவை. நெருங்கிய உறவு. ஆண்களைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை, கிளுவைக்குச் செம்பழுப்புத் தலையில் பச்சை. பெட்டைகள்தான் ஏமாற்றும். இரண்டும் ஒரே பழுப்பு. நீலச்சிறகிப் பெட்டைக்கு அலகை ஒட்டி வெளிறிய பொட்டு ஒன்று தெரியும். கிளுவைக்கு அது எடுப்பாக இருக்காது. எங்கள் பக்கம் நீலச்சிறகி கூட்டமாக வரும். கிளுவை அபூர்வம். அதனாலேயே அது என் கண்ணில் பட வேண்டும் என்று ஆசை.

ஒரு தை மாதம் தனியாக ஒரு பெட்டை நீந்தியது. கிளுவை என்றேன்.

"இல்ல மச்சான். மூக்காண்ட பொட்டு கீது, நல்லா பாரு."

"மொதல்ல உன் கண்ணாடிய மாத்து" என்றேன். அன்று எங்களோடு வந்திருந்த வேறு இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் பைக்கை எடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் கேமராவோடு தனியாகப் போயிருக்கிறான். திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி, அங்கேயே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு அவன் மனைவி கேமராவை என் கையில் கொடுத்தாள். "இன்னா எடுத்தாருன்னு பாருண்ணே. உன்னாண்ட காட்டணும்னு சொல்லிகினே போனாரு."

பதினோரு படங்கள். எல்லாவற்றிலும் அதே பெட்டை, சேற்றுத் திட்டில், முதுகுச் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கியது. பொட்டு இருந்ததா, இல்லையா, தெரியவில்லை.

"அவரு சொன்னதுதானாண்ணே?"

"ஆமாம்மா. நீலச்சிறகிதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அன்றுதான் அவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அதில் ஒரு படத்தைப் பெரிதாக்கி, அவனுடைய மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். திவசத்துக்குப் போகும்போது என்னை அதற்கு எதிரில்தான் உட்கார வைப்பாள்.

"இந்த வருசமும் அந்த வாத்து வந்துச்சாண்ணே?" என்று கேட்பாள்.

"வந்துச்சும்மா" என்பேன்.

அந்த ஏரிப் பக்கம் நான் போய் நாலு வருஷம் ஆகிறது.