சுவரைப் பார்த்து நின்ற மஸ்தூரா

மர்கிலானில் எங்கள் தெருவில் ஆம்பளை இருக்கிற வீடு குறைவு. பாதிப்பேர் ரஷ்யாவில் செங்கல் அடுக்குகிறார்கள். மஸ்தூராவின் பிழைப்பு ஓடியதே அதனால்தான். புருஷன் ஊரில் இல்லாத வீட்டு உள்ளறைக்குள் வேற்று ஆண் ஏணியோடு நுழைய முடியாது. மஸ்தூரா நுழையலாம். சுவரைத் துளைப்பாள், கம்பி இழுப்பாள், கேமரா மாட்டுவாள். அங்கே கசானில் இருக்கிற தகப்பன் தன் பிள்ளை தவழ்வதைக் கைபேசியில் பார்த்துக்கொள்வான்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு. இளையவர்களுக்கு அவள் ஓபா, அதாவது அக்கா. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். தேநீரைக் கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள். என் வீட்டில் அவள் போட்ட துளை கோணல். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. கேமராவுக்குப் பாஸ்வேர்டு வைக்கிற நேரம் வந்தால் கைபேசியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். "போட்டாச்சா? எனக்குச் சொல்லாத, தாயே," என்பாள். இப்படியே முப்பத்தேழு வீடு.

இந்த வசந்தத்தில் ஹோசியத் வீட்டில் சிக்கல் வந்தது. ஹோசியத் கல்யாணமாகி இரண்டு வருடமான பெண். அறையில் அவள் எங்கே நகர்ந்தாலும் கேமராவின் தலையும் கூடவே திரும்பியது. புருஷன்தான் பார்க்கிறான் என்று நினைத்துப் போனில் கேட்டாள்.

"நான் தலை சீவும்போது எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?"

"நான் காலையிலேர்ந்து சாரத்துல நிக்கறேன். போனு தங்கற இடத்துல கிடந்துச்சு. யாருடி உன்னைப் பாக்கறது?"

மறுநாள் மஸ்தூராவும் சேர்த்து நாங்கள் பத்துப் பெண்கள் அந்த வீட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சம்சா மடித்துக்கொண்டிருந்தோம். ஹோசியத்தின் மாமியார் தோஜிகான், தெருவுக்கே ஹோலா, அதாவது பெரியம்மா, எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டு மருமக தலை சீவறதை உக்காந்து வேடிக்கை பாக்கறியா, மஸ்தூரா?"

"ஹோலா, உங்க வீட்டுப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. நான் சுவத்தைப் பாத்துதானே நின்னேன்."

"சுவத்துல கண்ணாடி இருந்துச்சு போல."

மஸ்தூரா கையிலிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தன் வீட்டில் பிரிக்காமல் இருந்த ஒரு கேமராவை எடுத்துப் புதுப் பாஸ்வேர்டு வைத்து, பிடுங்கி, மறுபடி மாட்டி, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் தாஷ்கந்து சந்தையில் தனக்கு விற்ற வியாபாரிக்குப் போன் போட்டாள்.

"அதுல ஃபாக்டரிக்காரன் ரிப்பேருக்குன்னு ஒரு பாஸ்வேர்டு உள்ளேயே போட்டு வச்சிருக்கான், ஓபா. எல்லாக் கேமராவுக்கும் அது ஒண்ணுதான். நீங்க வைக்கிறது வேற, அது வேற. அழிக்க முடியாது."

"விக்கும்போது ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அந்தப் பாஸ்வேர்டையும் அவனே சொன்னான். அதோடு கேமராவின் முதுகில் ஒட்டியிருக்கிற எண் தெரிந்தால் போதுமாம். எண்களோ வரிசையாகப் போகின்றன. எவனோ ஒருத்தன் எங்கோ உட்கார்ந்து ஒன்று ஒன்றாக அழுத்திப் பார்த்திருக்கிறான்.

அவள் என் ரொட்டி அடுப்பருகே வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் என் புத்தியைக் காட்டினேன்.

"பேசாம இரு. வெளிய சொன்னா உன்னைத்தான் பிடிச்சுத் திம்பாங்க. ஹோசியத் வீட்டுக்கு மட்டும் வேற வாங்கி மாட்டிடு."

"உன் வீட்டுலயும் ஒண்ணு தொங்குதுடி."

மாவுக் கையோடு உள்ளே போய் அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

அவள் நேரே தோஜிகானிடம் போனாள். ஃபாக்டரி பாஸ்வேர்டைத் தன் கைபேசியில் போட்டு, அந்த வீட்டு உள்ளறையை அந்த வீட்டுக்காரிக்கே காட்டினாள். தோஜிகான் கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ நீயும் பாக்கலாம்."

"இன்னிலேர்ந்து பாக்கலாம், ஹோலா. நானும் பாக்கலாம், எவனும் பாக்கலாம். அதான் கழட்ட வந்திருக்கேன்."

ஏணியில் ஏறப் போனவளை ஹோசியத் தடுத்தாள். "கழட்டாதீங்க ஓபா. கேமரா நின்னுபோச்சுன்னா அவர் வேற மாதிரி நினைப்பார். ஏற்கெனவே யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

அடுத்த வீட்டிலும் இதே பேச்சுதான். அதற்கடுத்த வீட்டிலும். எவன் பார்த்தாலும் பரவாயில்லை, புருஷன் சந்தேகப்படக் கூடாது. நான் மட்டும் என்ன, பிடுங்கிய கம்பியை அன்று மாலையே திரும்பச் செருகினேன்.

மஸ்தூரா தன் கேமராவைத் தன் சமையலறையிலேயே மாட்டினாள். கசானில் இருக்கிற ஹோசியத்தின் புருஷன் பஹோதிருக்குப் போன் போட்டு, அந்தக் கேமராவின் எண்ணையும் ஃபாக்டரி பாஸ்வேர்டையும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன தெரியுது, தம்பி?"

"நீங்கதான் ஓபா. கேரட் நறுக்கறீங்க."

"எந்தக் கையில கத்தி?"

"இடது கையில."

"நான் வச்ச பாஸ்வேர்டு வேற. அது உனக்குத் தெரியாது. ஆனாலும் கசான்லேர்ந்து என் அடுப்பங்கரையைப் பாக்கற. உன் பொண்டாட்டியையும் ஒருத்தன் இப்படித்தான் பாத்திருக்கான். அவ மேல என்ன தப்பு?"

"கழட்டிடுங்க ஓபா."

"அதை அவளுக்குப் போன் பண்ணி நீயே சொல்லு. உங்கம்மாவுக்கும் சொல்லு."

பிறகு ஒவ்வொரு புருஷனாகக் கூப்பிட்டாள். அத்தனை அந்நிய ஆண்களும் தன் சமையலறையைப் பார்க்கட்டும் என்று தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் பதினோராவது ஆள். "அந்தம்மா கேரட்டை ரொம்பத் தடியா நறுக்குது," என்றார். பிறகுதான் கழற்றச் சொன்னார்.

முப்பத்துநாலு கேமரா இறங்கிவிட்டது. மூன்று பேர் மட்டும் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று வீட்டுப் பெண்களும் இப்போது அடுப்பங்கரையில்தான் தலை சீவுகிறார்கள். மஸ்தூரா இன்னும் உட்காரவில்லை. சாயங்காலம் ஆனால் கேரட்டை எடுத்துவைத்துக்கொண்டு அந்த மூன்று பேருக்கும் மறுபடி போன் போடுகிறாள்.